மொரப்பூரில் ஒரு காஜியாபாத் இன்ஜின்

அரூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை அத்தையை வண்டியேற்றிவிட மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். அத்தையின் வண்டி வருவதற்கு முன், சேலம் பக்கமிருந்து ஒரு எக்ஸ்பிரஸ் நிற்காமல் கடந்து போயிருக்கிறது. முன்னால் இரண்டு இன்ஜின்கள். இரண்டுமே வெள்ளை உடம்பில் சிவப்புப் பட்டை. முதலாவதில் ஈரோடு என்று இருந்தது. இரண்டாவது பார்வைக்கே கொஞ்சம் குட்டை; அதில் காஜியாபாத் என்று எழுதி, 30-ல் தொடங்கும் ஐந்து இலக்க எண் இருந்தது. மொபைலில் ஒரு படம் எடுத்து அனுப்பியிருக்கிறார், பாதி மங்கல். கேள்விகள் மூன்று: இது என்ன வகை இன்ஜின்? டெல்லிப் பக்கத்து இன்ஜினுக்கு இங்கே என்ன வேலை? லோடு அதிகம் என்பதால்தான் இரண்டு போட்டார்களா? போகிற போக்கில், தருமபுரி ஸ்டேஷனில் நின்றாலும் இந்த மாதிரி கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறார்.

தம்பி, நீங்கள் பார்த்தது டபிள்யூஏபி-5. ஆனால் அது அந்த வண்டியை இழுக்கவில்லை. பதினேழோ இருபதோ பெட்டிகளோடு அதையும் சேர்த்து ஈரோட்டு இன்ஜின்தான் இழுத்துக்கொண்டு போனது. எப்படிச் சொல்கிறேன் என்றால், உங்கள் மங்கல் படத்திலேயே எல்லாம் இருக்கிறது.

முதலில் பெயர். டபிள்யூ என்றால் அகலப்பாதை, ஏ என்றால் ஏசி மின்சாரத்தில் ஓடுவது, பி என்றால் பயணிகள் வண்டிக்கானது. கடைசி எண் அந்த வரிசையில் எத்தனையாவது வடிவமைப்பு என்பது. ஏ இருக்கும் இடத்தில் டி வந்தால் டீசல், பி இருக்கும் இடத்தில் ஜி வந்தால் சரக்கு, எம் வந்தால் இரண்டுக்கும். இந்தச் சூத்திரம் தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். மீதிப் பாதி இன்ஜின் எண்ணில் இருக்கிறது.

நம் பக்கம் மெயின் லைனில் தினமும் ஓடுபவை இரண்டு வகை: டபிள்யூஏபி-4, டபிள்யூஏபி-7. நாலாம் நம்பர் பழைய கை. 22 அல்லது 25-ல் தொடங்கும் எண். ஏழாம் நம்பர் 30201-லிருந்து தொடங்கி, பிறகு 37, 39 என்று போகிறது. ஐந்தாம் நம்பர் 30000-லிருந்து. ஆக 30 என்று தொடங்கினால் மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது, மூன்றாவது இலக்கத்தைப் பார்க்க வேண்டும். அது 0 அல்லது 1 என்றால் ஐந்து. 2-ம் அதற்கு மேலும் என்றால் ஏழு. உங்கள் படத்தில் மூன்று, பூஜ்யம், பூஜ்யம் வரைக்கும் தெளிவாக விழுந்திருக்கிறது. அடுத்த இரண்டு இலக்கங்கள் கம்பத்தின் நிழலில் கரைந்துவிட்டன. அந்த இரண்டுக்குக் கடைசியில் வருகிறேன், அவற்றில் விஷயம் இருக்கிறது.

குட்டையாகத் தெரிந்தது என்று எழுதியிருந்தீர்கள். கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. ஏழாம் நம்பர் இருபது மீட்டரைத் தாண்டிய நீளம், ஐந்தாம் நம்பர் பதினெட்டு மீட்டர் சொச்சம். இரண்டையும் ஒட்டி நிறுத்தினால் இரண்டரை மீட்டர் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தனியாகப் போனால் தெரியாது, அதிலும் பெயிண்ட் ஒன்றாக இருந்தால் பலர் கோட்டைவிடுவார்கள். உங்களுக்கு முன்னால் ஈரோட்டு ஏழாம் நம்பர், பின்னால் இது என்று இரண்டும் அடுத்தடுத்துப் போனது அதிர்ஷ்டம்.

நிச்சயமாகச் சொல்ல வேண்டுமென்றால் கீழே பார்க்க வேண்டும். ஏழாம் நம்பருக்கு ஆறு அச்சு, ஒவ்வொரு போகிக்கும் மூன்று. போகி என்றால் இங்கே பெட்டி இல்லை, அச்சுகளைத் தாங்கும் சக்கரச் சட்டம். ஐந்தாம் நம்பருக்கு நாலே அச்சு, போகிக்கு இரண்டு. இந்தியாவில் இப்போது ஓடும் பயணிகள் மின்சார இன்ஜின்களில் நாலு அச்சு என்றாலே கிட்டத்தட்ட இது ஒன்றுதான். என் மாமா பொம்மிடிப் பக்கம் கேட்கீப்பராக இருந்தவர். பச்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது இன்ஜினைப் பார்க்கவே மாட்டார், முகம் கடைசிப் பெட்டி வரும் திசையில் இருக்கும். ஆனால் போனது என்ன இன்ஜின் என்று கேட்டால் சொல்லிவிடுவார். "காதை எங்கடா வச்சிருக்க?" என்பார். தண்டவாள இணைப்பில் சக்கரம் ஏறும்போது ஆறு அச்சு இன்ஜின் தட-தட-தட என்று மூன்றடி போட்டு, ஒரு மூச்சு விட்டு, மறுபடி தட-தட-தட என்று போகும். பின்னால் வரும் பெட்டிகளுக்கு நாலு அச்சு என்பதால் தட-தட, தட-தட. நாலு அச்சு இன்ஜினும் பெட்டி மாதிரியேதான் போகும். கண்ணை மூடிக் கேட்டால் முதலிலிருந்தே பெட்டிதான் ஓடுகிறது போல இருக்கும்.

இப்போது நீளமாகப் பற்றவைத்த தண்டவாளங்கள் வந்துவிட்டதால் எல்லா இடத்திலும் இந்தத் தாளம் கேட்காது. ஆனால் ஸ்டேஷன் முனையில் பாயின்ட், அதாவது தண்டவாளம் பிரியும் இடத்தில் கேட்கும். அடுத்த முறை பிளாட்பாரத்தின் நடுவில் நிற்காமல் கொஞ்சம் ஓரமாகப் போய் நில்லுங்கள். ஓரம் என்றால் பிளாட்பாரத்தின் நீளவாக்கில் ஓரம். விளிம்புக்குப் போகச் சொன்னேன் என்று அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்தது பேன்டோகிராஃப், அதாவது கூரை மேல் மடிந்து விரியும் அந்தக் கை. மேலே உள்ள கம்பியில் 25,000 வோல்ட் ஏசி ஓடுகிறது, அதை உரசித்தான் இன்ஜின் மின்சாரம் எடுக்கிறது. ஒரு இன்ஜினுக்கு இரண்டு பேன்டோ இருக்கும், ஓடும்போது ஒன்றைத்தான் உயர்த்துவார்கள், அதுவும் போகும் திசைக்குப் பின்பக்கம் இருப்பதை. ஏனென்றால் கம்பியில் சிக்கி அது உடைந்தாலும், சிதறுவது பின்னால் விழும், முன்னால் உள்ள நல்ல பேன்டோவும் கூரைச் சாமான்களும் தப்பிக்கும். உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஈரோட்டு இன்ஜினின் பின் பேன்டோ கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. காஜியாபாத் இன்ஜினில் இரண்டுமே மடங்கிப் படுத்திருக்கின்றன. கரன்ட் எடுக்காத இன்ஜின் எதை இழுக்கும்? இதை ரயில்வேயில் டெட் என்பார்கள். கேட்கும்போது பயமாக இருக்கும், ஆனால் செத்துப்போனது என்று பொருள் இல்லை. பிரேக் குழாயை மட்டும் இணைத்து, மற்றதை அணைத்து, ஒரு பெட்டி மாதிரி கூட்டிக்கொண்டு போகிறார்கள், அவ்வளவுதான். பழுதான இன்ஜினும் டெட்டாகப் போகலாம், நன்றாக இருக்கும் இன்ஜினும் போகலாம்.

ஆக, லோடு அதிகமா என்ற கேள்விக்கு இதுவே பதில். அந்தப் பாதையில் இருபத்து நாலு பெட்டி வண்டியைக்கூட ஏழாம் நம்பர் ஒன்றே இழுத்துவிடும், 6,000 குதிரைத்திறனுக்கு மேல் அதற்கு. கூடவே பெட்டிகளின் விளக்கு, ஏசி எல்லாவற்றுக்கும் கரன்ட்டும் கொடுக்கும். இதனால்தான் பல வண்டிகளில் முன்பு போல சத்தம் போடும் ஜெனரேட்டர் பெட்டி இப்போது ஓடுவதில்லை.

சரி, ஐந்தாம் நம்பருக்கு ஏன் இவ்வளவு மவுசு?

அதுவரை நம் மின்சார இன்ஜின்களெல்லாம் டிசி மோட்டார் வைத்தவை. நாலாம் நம்பர் கிளம்பும்போது பக்கத்தில் நின்றிருந்தால் உள்ளே டொக், டொக் என்று ஒவ்வொரு படியாக மாறும் சத்தம் கேட்டிருக்கும். டிரான்ஸ்ஃபார்மரில் டேப், அதாவது வோல்ட் படியை மாற்றி மாற்றித்தான் அது வேகம் கூட்டும். 1995-ல் ஏபிபி நிறுவனத்திடமிருந்து சுவிட்சர்லாந்தில் செய்த ஐந்தாம் நம்பர் இன்ஜின்கள் கொஞ்சம் வந்தன. மூன்று ஃபேஸ் ஏசி மோட்டார், படியே இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஏறும் வேகம், பிரேக் போடும்போது கம்பிக்கே மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கும் வசதி. அந்தத் தொழில்நுட்பத்தோடு கூடவே வந்த சரக்கு இன்ஜின்தான் டபிள்யூஏஜி-9. நாம் இன்று தினமும் பார்க்கும் ஏழாம் நம்பர் அந்த ஒன்பதின் கியரை மாற்றிப் பயணிகள் வண்டிக்கு ஆக்கியது. சித்தரஞ்சன் தொழிற்சாலை 2000-லிருந்து ஐந்தாம் நம்பரை இங்கேயே செய்யத் தொடங்கியது.

பழைய மூன்று ஃபேஸ் இன்ஜின்கள் கிளம்பும்போது ஒரு பாட்டுப் பாடும், கேட்டிருக்கிறீர்களா? ஊஊ என்று கீழே ஆரம்பித்து, சட்டென்று சுருதி மாறி மேலே போய், மறுபடி மாறும். உள்ளே ஜிடிஓ என்ற வகை மின் சாதனம் இருந்த காலத்து ராகம் அது. பின்னால் அதன் இடத்துக்கு ஐஜிபிடி என்ற வகை வந்த பிறகு சத்தம் அடங்கிவிட்டது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

ஐந்தாம் நம்பரின் வேகம் மணிக்கு 160 கி.மீ. 2016-ல் ஹஸ்ரத் நிஜாமுதீனுக்கும் ஆக்ராவுக்கும் இடையே கதிமான் எக்ஸ்பிரஸை 160-ல் ஓட்ட ஆரம்பித்தபோது அதற்கு மாட்டியது இதைத்தான். அதற்கு முன்பிருந்தே போபால் சதாப்தி போன்ற வண்டிகளுக்கு இதுதான். சக்கரத்திலேயே டிஸ்க் பிரேக், மொத்த எடை 78 டன் அளவு. ஏழாம் நம்பரோ 123 டன். எடை குறைவென்றால் வேகத்துக்கு நல்லது. ஆனால் நின்ற இடத்திலிருந்து கனமான வண்டியைக் கிளப்ப எடை வேண்டும், தண்டவாளத்தை அழுத்திப் பிடிக்க அச்சு வேண்டும். கிளம்பும்போது ஐந்தாம் நம்பரின் இழுவிசை 258 கிலோநியூட்டன், ஏழாம் நம்பருக்கு 322. ரேக்ளா காளைக்கும் பாலக்கோடு ஆலைக்குக் கரும்பு இழுத்த பாரவண்டிக் காளைக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காளை எதுவும் மட்டமில்லை, கட்டும் வண்டிதான் வேறு. நம் பக்கம் 160-ல் ஓடும் பாதை கிடையாது, வண்டிகளும் நீளமானவை. பொம்மிடி தாண்டி லோக்கூர், தானிஷ்பேட்டை வரைக்கும் சேர்வராயன் அடிவாரத்து ஏற்ற இறக்கம் வேறு. அதனால் தெற்கே ஏழாம் நம்பர்தான் ராஜா. ஐந்தாம் நம்பரின் பழைய வீடுகள் காஜியாபாத்தும் வதோதராவும்.

வீடு என்றேன் அல்லவா, உங்கள் இரண்டாம் கேள்வி அங்கேதான் வருகிறது.

ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு ஷெட் உண்டு. பக்கவாட்டில் எழுதியிருப்பது அந்த ஷெட்டின் பெயர்; சுருக்கமாக மூன்று ஆங்கில எழுத்துகளும் இருக்கும். காஜியாபாத்துக்கு ஜிஇசட்பி, ராயபுரத்துக்கு ஆர்பிஎம், அரக்கோணத்துக்கு ஏஜேஜே. ஈரோட்டுக்கு இரண்டே எழுத்து, இடி. எந்த ரயில்வே என்பது இந்திச் சுருக்கமாக இருக்கும். உங்கள் படத்தில் தெரியும் அந்த உ.ரே. என்பது உத்தர ரேல்வே, அதாவது வடக்கு ரயில்வே. இந்தி தெரியாதவர்கள் த.ரே. என்பதையும் த.ம.ரே. என்பதையும் குழப்பிக்கொள்வார்கள், முதலாவது நம் தெற்கு ரயில்வே, இரண்டாவது தென்மத்திய ரயில்வே.

பலரும் நினைப்பது, காஜியாபாத் ஷெட் இன்ஜின் என்றால் காஜியாபாத்தைச் சுற்றித்தான் ஓடும் என்று. அப்படி இல்லை. ஷெட் என்பது இன்ஜினுக்கு எல்லை போடுவதில்லை, கெடு போடுகிறது. இத்தனை நாளுக்கு ஒரு தடவை சின்ன சோதனை, இத்தனை மாதத்துக்கு ஒரு தடவை பெரிய சோதனை என்று ஒவ்வொன்றுக்கும் அட்டவணை உண்டு. பெரிய சோதனைக்கு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். நடுவில் எங்கே வேண்டுமானாலும் ஓடலாம். ராயபுரத்து ஏழாம் நம்பர் சென்னையில் மாட்டி டெல்லி வரைக்கும் நேராகப் போய், அங்கேயே இன்னொரு வண்டியில் மாட்டித் திரும்பி வரும். டெல்லியில் நிற்கும் நம் ஊர்க்காரர் ஒருவர் "ராயபுரத்து இன்ஜினுக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்டால் சிரிப்பு வராதா? எதிர்ப்பக்கமிருந்து நீங்கள் கேட்பதும் அதேதான்.

ஆனாலும் ராயபுரம் இன்ஜின் டெல்லி போவது லிங்க், அதாவது எந்த இன்ஜின் எந்த வண்டிக்குப் பிறகு எந்த வண்டியை எடுக்கும் என்ற சங்கிலி. காஜியாபாத் ஐந்தாம் நம்பர் மொரப்பூருக்கு வருவது எந்த லிங்கிலும் எனக்குத் தெரிந்து இல்லை. ரயில் ரசிகர்கள் இதை ஆஃப்லிங்க் என்பார்கள். ஆஃப்லிங்க் வந்தால் அன்றைக்குத் தீபாவளி.

லிங்க் எப்படி அறுகிறது என்றால், பெரும்பாலும் சாதாரணக் காரணத்தால்தான். திருவனந்தபுரத்திலிருந்து சேலம், மொரப்பூர் வழியாகத்தான் கேரளா எக்ஸ்பிரஸ் டெல்லிக்குப் போகிறது, சுமார் 3,000 கி.மீ. அந்த மாதிரி ஒரு வண்டியின் இன்ஜின் டெல்லியில் மக்கர் செய்துவிட்டது என்று வையுங்கள். வண்டியை நிறுத்த முடியாது. டிராக்‌ஷன் லோகோ கன்ட்ரோலர் என்று ஒருவர் ராத்திரி பகலாகப் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பார். அவர் கையில் எது சும்மா இருக்கிறதோ அதை மாட்டி அனுப்புவார். அது தெற்கே வந்துவிடும். வந்ததை வெறும் கையோடு திருப்பி அனுப்ப மனசு வருமா? இங்கே ஒரு வண்டிக்கு இன்ஜின் குறைந்தால் ஒரு நடை ஓட்டிக்கொள்வார்கள். கோடைச் சிறப்பு ரயில், சபரிமலை சீசன், ராணுவத்தாருக்கான வண்டி, சுற்றுலா வண்டி, இவையெல்லாம் லிங்குக்கு வெளியே ஓடுபவை, இவற்றிலும் எங்கெங்கிருந்தோ இன்ஜின் வரும். பிறகு தொழிற்சாலையிலிருந்து புது இன்ஜின் தன் ஷெட்டுக்கு வருவது, பெரம்பூர் போன்ற பணிமனைக்குப் பெரிய ஓவர்ஹாலுக்குப் போவது, ஒரு ஷெட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாவது.

இந்த மாற்றல் விஷயத்தில் நான் ஒருமுறை மூக்குடைபட்டவன். சில வருடங்களுக்கு முன் பொம்மிடியில் ஒரு ஏழாம் நம்பர், பக்கத்தில் லாலாகுடா என்று எழுதியிருந்தது. லாலாகுடா என்றால் செகந்திராபாத். ஆளும் இல்லாத பேரும் இல்லாத ஒரு சாதாரண வண்டியில் அது வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வாரம் எல்லோரிடமும் பெருமையடித்தேன். அப்புறம் விவரம் தெரிந்த ஒருவர் சொன்னார்: அந்த இன்ஜின் தெற்கே மாற்றலாகி வந்து மாதக்கணக்காகிவிட்டது, இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை, அவ்வளவுதான். வாடகை வீடு மாறிய பிறகும் ரேஷன் கார்டில் பழைய முகவரி இருப்பது போல. அதிலிருந்து, எழுதியிருப்பதைப் பார்த்ததும் துள்ளாமல் எண்ணைத்தான் முதலில் குறித்துக்கொள்வேன். எண் மாறாது.

அந்த எச்சரிக்கையோடு உங்கள் இன்ஜினுக்கு வருவோம். மூன்று விஷயம் கையில் இருக்கிறது. அது வடக்கு நோக்கிப் போனது, சேலத்திலிருந்து ஜோலார்பேட்டை திசையில். டெட்டாகப் போனது. ஈரோட்டு இன்ஜினின் பின்னால் போனது. புது இன்ஜின் தொழிற்சாலையிலிருந்து வருவதாக இருந்தால் திசை நேர்மாறாக இருக்கும். தவிர, 300 என்று தொடங்கும் எண் புதுசு அல்ல, நல்ல பழசு. மாற்றலாகித் தெற்கே வருவதென்றாலும் திசை இடிக்கிறது. ஆக அது ஏற்கெனவே தெற்கே வந்து, ஏதோ வேலை பார்த்து, வீட்டுக்குத் திரும்புகிறது என்பதுதான் பொருந்துகிறது. ஏன் டெட்டாக? ஒன்று, இங்கே வந்த இடத்தில் பழுதாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் சோதனைக் கெடு தாண்டியிருக்க வேண்டும். கெடு தாண்டிய இன்ஜினை வண்டி இழுக்க விடமாட்டார்கள், இன்னொன்றின் பின்னால் கட்டித்தான் அனுப்புவார்கள். எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது. பழுதாகியிருந்தால் அருகில் உள்ள ஈரோட்டிலேயே வைத்துப் பார்த்திருப்பார்கள். உட்புறம் பெரும்பாலும் ஏழாம் நம்பரின் உறவுதான் என்பதால் அங்கே கை வைக்கத் தெரிந்தவர்கள் உண்டு. ஆனால் இது என் ஊகம்தான். படத்திலிருந்து இதற்கு மேல் பிழிய முடியாது.

ஒன்று சொல்ல மறந்தேன். ஐந்தாம் நம்பர் என்றாலே அபூர்வம் என்று இனிமேல் சொல்லிக்கொள்ள முடியாது. அம்ரித் பாரத் வண்டிகளுக்கு முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று மாட்டும் இன்ஜின்கள் இதே ஐந்தாம் நம்பரின் வாரிசுகள்தான். முகத்தை மட்டும் காற்று வழுக்கும்படி சரித்து, காவி நிறம் அடித்திருப்பார்கள். எண் 35-ல் தொடங்கும். 2023 டிசம்பர் 30 அன்று தொடங்கிய மால்டா டவுன் - பெங்களூரு வண்டி காட்பாடி, ஜோலார்பேட்டை வழியாகப் போகிறது. 2025 செப்டம்பரில் வந்த ஈரோடு - ஜோக்பனி வண்டிக்கு மொரப்பூர் வழியேதான் பாதை. ஆனால் அது வேறு முகம். நீங்கள் பார்த்தது பழைய முகம், வெள்ளை, சதுரத் தாடை. அது இன்னும் அபூர்வம்தான்.

இப்போது தருமபுரி. மாவட்டம் ஒன்றாக இருந்தாலும் மொரப்பூர் வேறு உலகம், தருமபுரி ஸ்டேஷன் வேறு உலகம். மொரப்பூர் சென்னை - சேலம் மெயின் லைன், இரட்டைப் பாதை, மின்சாரம் வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. தருமபுரி ஓமலூர் - ஓசூர் - பெங்களூரு பாதையில், ஒற்றைத் தண்டவாளம், தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் நிர்வாகம் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டம். அங்கே கம்பி இழுத்துச் சில வருடம்தான் ஆகிறது. அதுவரைக்கும் கிருஷ்ணராஜபுரம் ஷெட்டின் டீசல்தான். 4,500 குதிரைத்திறன் டபிள்யூடிபி-4டி ஒன்று தொப்பூரிலிருந்து சிவாடி நோக்கி மேடேறினால் கீழே நெடுஞ்சாலையில் லாரிகள் முனகுவதையும் மீறிக் கேட்கும். தொப்பூர் கணவாயை லாரிக்காரர்கள் மட்டுமல்ல, ரயில்காரர்களும் மரியாதையோடுதான் கடப்பார்கள். 2021 நவம்பரில் கண்ணூர் - யஷ்வந்த்பூர் எக்ஸ்பிரஸ் அந்தத் தொப்பூர் - சிவாடி இடைவெளியில்தான், சரிந்து விழுந்த பாறைகளில் மோதித் தடம்புரண்டது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

அங்கே ஆஃப்லிங்க் கிடைக்குமா என்றால், வண்டிகள் குறைவு, அதனால் வாய்ப்பும் குறைவு. ஆனால் ஒற்றைப் பாதையில் ஒரு லாபம் உண்டு: எதிர்வண்டிக்காக பாலக்கோட்டிலோ ராயக்கோட்டையிலோ நிறுத்திவைப்பார்கள். மொரப்பூரில் பத்து விநாடியில் பறந்துபோவது அங்கே பத்து நிமிடம் நின்று முகம் காட்டும். மும்பையிலிருந்து பெங்களூரு, ஓசூர், தருமபுரி வழியாகக் கோவைக்குப் போகும் லோக்மான்ய திலக் வண்டி இருக்கிறது, அதைக் கவனியுங்கள். வெளி ரயில்வே இன்ஜின் வர வாய்ப்புள்ள வண்டி அது. கோவை - பெங்களூரு வந்தே பாரத்தும் தருமபுரியில் நிற்கிறது, ஆனால் அதில் தனி இன்ஜின் கிடையாது, பெட்டிக்கடியிலேயே மோட்டார் இருக்கிறது. நம் கணக்கில் சேராது.

கிருஷ்ணகிரியிலிருந்து இதே போலக் கேட்பவர்கள் உண்டு. அவர்களிடம் எனக்கு இரக்கம்தான். மாவட்டத் தலைநகரில் ஸ்டேஷனே கிடையாது. இத்தனைக்கும் 1905-ல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், 1906-ல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கும் இரண்டரை அடி அகலக் குறும்பாதை ஓடியது. பின்னது 1913-ல் ஓசூர் வரைக்கும் நீண்டது. லாபம் இல்லை என்று இரண்டையும் இரண்டாம் உலகப்போர் காலத்துக்குள் மூடி, தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டார்கள். மொரப்பூர் - தருமபுரிக்குப் புதுப் பாதை போட 2019-ல் அடிக்கல் நட்டார்கள். அது முடிந்தால் நம் இரண்டு உலகமும் ஒன்றாகும். அதுவரை கிருஷ்ணகிரிக்காரர்கள் இன்ஜின் பார்க்க ராயக்கோட்டைக்கோ சாமல்பட்டிக்கோ பஸ் ஏற வேண்டியதுதான்.

அடுத்த முறை இப்படி ஏதாவது வந்தால், படம் எடுக்கும் அவசரத்தில் கண்ணை விட்டுவிடாதீர்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான். போனில் ஃபோகஸ் பிடிக்கும் முன் இன்ஜின் போய்விடும், கடைசிப் பெட்டியின் எக்ஸ் குறிதான் மிஞ்சும். முதலில் ஐந்து இலக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள், மனதில் நிற்கும். பிறகு பேன்டோ மேலேயா கீழேயா. பிறகு அச்சு. ஷெட் பெயர் கடைசி, அது பெரிதாகத்தான் எழுதியிருக்கும், தானாகவே கண்ணில் படும். வீடியோ எடுப்பது இன்னும் நல்லது, அதிலிருந்து ஒரு ஃபிரேமை நிறுத்தி எண்ணைப் படித்துவிடலாம், சத்தமும் கிடைக்கும். நடைமேம்பாலத்தில் நின்று எடுத்தால் கையையோ குச்சியையோ கம்பியை நோக்கி நீட்ட வேண்டாம்; 25,000 வோல்ட், தொடவே வேண்டியதில்லை, கிட்டே போனாலே போதும்.

இப்போது அந்தக் கடைசி இரண்டு இலக்கம். 30000-லிருந்து முதல் சில எண்கள்தான் 1995-ல் கப்பலில் வந்தவை. அதற்கப்புறம் எல்லாம் சித்தரஞ்சனில் செய்தது. உங்கள் இன்ஜினின் நாலாவது இலக்கமும் பூஜ்யமாக இருந்தால், நீங்கள் மொரப்பூர் பிளாட்பாரத்தில் நின்று பார்த்தது சுவிட்சர்லாந்தில் பிறந்த இன்ஜின். பூஜ்யமா, ஆறா, எட்டா என்று நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் பார்த்துவிட்டேன். வாட்ஸ்அப் சுருக்கிய படத்தில் அது தெரியாது. ஒரிஜினல் படம் போனில் இருந்தால் அழிக்காமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள் தம்பி.